ரப்பர் வட்டு

ஜூலை. ரொசாரியோவில் இது குளிர்காலம்.
பரானா ஆற்றைத் தாண்டி வரும் காற்று
சமையலறைச் சன்னலின் உடைந்த மூலையைக்
கண்டுபிடித்துவிடுகிறது,
கடன்காரனைப் போல, விலாசம் கேட்காமல்.

டயர் கம்பெனி என்னை அனுப்பி ஏழு மாதம்.
பதினாறு வருடம் வரவு செலவு எழுதியவள்.
இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல்
ஒருநாளும் விளக்கை அணைத்ததில்லை.
இப்போது வீட்டில் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

ஃபப்ரிசியோவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை.
இறைச்சி ஞாயிறுக்கு மட்டும் என்றோம்.
பிறகு மாதக் கடைசி ஞாயிறையும் விட்டோம்.
சீரோவுக்கு ஷூ கடிக்கிறது, சொல்வதில்லை.
குதிகாலை மடித்து மிதித்தபடி நடக்கிறான்,
ஏதோ ஸ்டைல் போல.
ஒன்பது வயதுக்கு நல்ல நடிகன்.

மோதிரத்தை எடை போட்டவர்
"தேய்ந்திருக்கிறதே" என்றார்.
"பதினைந்து வருடப் பாத்திரம்" என்றேன்.
சிரித்தார்.
விலையைக் கூட்டவில்லை.

அப்புறம்தான் வெந்நீர் ஹீட்டர் நின்றது.
மூன்று வாரம் கெட்டிலில் சுடவைத்துக் குளித்தோம்,
தலைக்கு ஒன்று, மீதி உடம்புக்கு ஒன்று.
மாமியாரிடம் கைமாற்று வாங்கி ஆளைக் கூப்பிட்டால்
காதில் பாட்டு மாட்டிய ஒரு பையன் வந்தான், நாவெல் என்று பெயர்.
மூடியைக் கழற்றினான், உள்ளேயிருந்து
அப்பளம் அகலத்தில் ஒரு ரப்பர் வட்டை எடுத்தான்.
நடுவில் நகக்கண் அளவு கிழிசல்.
இவ்வளவுதான்.
இருபது நிமிடம்.

நான் ரப்பரைப் பற்றிக் கேட்கவில்லை.
"ஒரு நாளைக்கு இப்படி எத்தனை வீடு?"
"குளிர்காலத்தில் ஆறு. ஏழுகூட."
வேலை போனாலும் மனக்கணக்கு போகவில்லை எனக்கு.
ஆறை இருபதால் பெருக்கி,
பெட்ரோல், உதிரி பாகம், வரி கழித்து,
கோடையென்று பாதியைத் தள்ளி,
ஏமாற்றுகிறவர்களுக்கென்று கொஞ்சம் தள்ளி,
அவன் மாத்தே கோப்பையைத் திருப்பித் தருவதற்குள்
விடை வந்துவிட்டது.
என் பழைய சம்பளம் அதற்குக் கீழே
கூச்சத்தோடு நின்றது.

மாலை வகுப்பு. ஒன்பது மாதம். முடிவில் லைசென்ஸ்.
இருபத்தேழு ஆண்கள்.
நான் சேர்ந்தால், ஒரு பெண்.

"நாற்பத்திரண்டு வயதில்
ஊரார் வீட்டு அடுப்படியில் தவழப் போகிறாயா?"
ஃபப்ரிசியோ கோபமாகக் கேட்கவில்லை,
அதனால்தான் பதில் வரவில்லை எனக்கு.
அம்மா போனில் "படித்த பெண்ணடி நீ" என்றாள், மூன்று தடவை.
சீரோ கேட்டது ஒன்றுதான்:
"டூல் பாக்ஸ் சிவப்பா, மஞ்சளா?"

இரவில் தூக்கம் வராமல் யோசிக்கிறேன்.
இது என் ஆசையா, வயிறு பேசுவதா?
கணக்குப் பாடத்தை மட்டும் ஆசைப்பட்டா எடுத்தேன்?
அக்காவின் பழைய புத்தகங்கள் வீட்டில் இருந்தன.
புதிது வாங்க வேண்டியதில்லை என்றார்கள்.
அவ்வளவுதான். அதற்குப் பெயர்
இத்தனை வருடமும் என் தொழில்.

ஆனால் ஒன்று.
அவன் போன பிறகு
குப்பையிலிருந்து அந்த வட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
கிழிசல் வழியே அடுப்பின் நீலம் தெரிகிறது.
தண்ணீர் தள்ளும், ரப்பர் எழும்பும், வாயு திறக்கும்.
தள்ளுவது இல்லையென்றால் நெருப்பு இல்லை.
யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்ததும் புரிந்தது.
எந்தப் பேரேட்டையும் நான்
இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை.

படிவத்தில் பெயர் எழுதினேன், வயது எழுதினேன்.
தற்போதைய தொழில் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
கட்டணம் செலுத்தக் கடைசி நாள் இருபத்தெட்டு.
மோதிரத்தை மீட்கவும் அதே இருபத்தெட்டு.
தகர டப்பாவில் இருப்பது
இரண்டில் ஒன்றுக்கான பணம்.

ஃபப்ரிசியோ மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.
படிவத்தைப் படித்தார், டப்பாவை எண்ணினார்,
அடகுச் சீட்டை விளக்கடியில் வைத்து
நெடுநேரம் பார்த்தார்.
பிறகு அதை நாலாக, எட்டாக மடித்து,
எழுந்து போய்
சன்னலின் உடைந்த மூலையில் செருகினார்.

காற்று கொஞ்சம் குறைந்தது.
முழுசாக நிற்காது, தெரியும்.
நாளைக்கு அட்டை ஒன்று வெட்ட வேண்டும்.